சிவப்பு தெரிந்த நாய்

ஹமாசோனோவில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும், கழுத்து திரும்ப மறுத்தாலும், ஹிகிதா தமோட்சு வீட்டுக் கதவைத்தான் தட்டவேண்டும். மயிரிழை ஊசியைக் குத்தியோ கட்டைவிரலால் அழுத்தியோ ஆளை நிமிர்த்திவிடுவார். நிமிர்ந்து போகிறவர்கள் வைத்தியத்தோடு நாலு வசவையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். "முதுகுன்னு ஒண்ணு இருக்குறது வலிச்சாத்தான் உமக்கு ஞாபகம் வருமா?" என்பார். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கண் தெரியாதவர் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்பதுதான் பெருந்தன்மை என்று ஊருக்கு ஓர் எண்ணம். தமோட்சுவுக்கு அடியோடு பிடிக்காதது அந்தப் பெருந்தன்மைதான்.

ஏழு வயதில் வந்த காய்ச்சலில் கண் போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் அதைப் பற்றி அவருக்குப் பெரிய துக்கம் ஒன்றுமில்லை. சிவப்பு என்றால் தெருமுனையில் நின்ற தபால் பெட்டி, நீலம் என்றால் அப்பாவின் படகு என்று சில நிறங்களை மட்டும் உள்ளே பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய துக்கம் வேறு. கைகள். அதாவது மற்றவர்களுடைய கைகள்.

வெள்ளைக் கோலோடு தெருவில் சற்று நின்றால் போதும், எங்கிருந்தோ ஒரு கை வந்து முழங்கையைக் கவ்விக்கொள்ளும். "பாத்து, பாத்து" என்று அந்தக் கைக்கு ஒரு வாயும் இருக்கும். ஒருமுறை கடற்கரைச் சாலையோரம் தன் பாட்டுக்கு நின்று நண்பருக்காகக் காத்திருந்தார். இரண்டு பெண்மணிகள் இருபுறமும் பிடித்து, அவர் கத்தக் கத்தச் சாலையைக் கடக்க வைத்து, எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிட்டு, நன்றிக்காகக் காத்து நின்றார்கள். அவர் சொன்னதை நன்றி என்று சொல்ல முடியாது. அவர்கள் போனபின் திரும்பி வருவதற்காக நின்றவரை மூன்றாவதாக ஒரு கை வந்து பேருந்தில் ஏற்றிவிட்டது. அன்று அவர் வீடு திரும்பச் சாயங்காலம் ஆயிற்று. நோயாளிகள் வரவேற்பறையில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நாய் வேண்டும் என்று விண்ணப்பித்தார்.

போனி வந்தாள். வழிகாட்டி நாய்ப் பயிற்சி மையத்தில் தமோட்சுவும் அவளோடு தங்கிப் பாடம் படித்தார். வெளிர்மஞ்சள் லாப்ரடார், சாதுவான பெண். படி, கம்பம், பள்ளம், வண்டி எல்லாம் அவள் பொறுப்பு. போகவேண்டிய திசையும் நேரமும் இவர் பொறுப்பு. பயிற்சியாளர் கடைசி நாளன்று மறுபடியும் அழுத்திச் சொன்னார்: "சிக்னல் விளக்கை மட்டும் இவகிட்ட விட்றாதீங்க ஐயா. நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் சரியாத் தெரியும். சிவப்பு அதுக்கு ஏதோ அழுக்குப் பழுப்பு. பச்சை, சாயம் போன மஞ்சள். காதால கேட்டு நீங்கதான் உத்தரவு குடுக்கணும். தப்பாக் குடுத்து வண்டி வந்துச்சுன்னா மட்டும் அவ நகர மாட்டா."

தமோட்சு தலையாட்டினார். அவருக்கு எல்லாம் நன்றாகவே புரிந்தது. பின்னால் நடந்ததற்கு அறியாமையைக் காரணம் சொல்ல முடியாது.

போனி ஊருக்குள் நுழைந்ததும் முதலில் எல்லோரையும் அசத்தியது அவளுடைய ஆங்கிலம். வழிகாட்டி நாய்களுக்கு உத்தரவு ஆங்கிலத்தில்தான். "கோ" என்றால் நடந்தாள், "ஸிட்" என்றால் உட்கார்ந்தாள், "குட்" என்றால் வாலை ஆட்டினாள். ஆறு வருஷம் பள்ளியில் ஆங்கிலம் படித்து அந்த மூன்று சொல்லையும் சரியாகச் சொல்ல வராதவர்கள் ஹமாசோனோவில் நிறையப் பேர். ஆங்கிலம் தெரிந்த ஜீவனுக்கு வேறு எல்லாமே தெரியும் என்று நம்ப அவர்கள் தயாராகவே இருந்தார்கள்.

நம்புவதற்கு விஷயத்தைக் கொடுத்தவர் தமோட்சு. இடம், ஓகுனோ சதாவோவின் முடிதிருத்தும் கடை. ஓகுனோ பால்ய நண்பர். வாயும் கத்தியும் ஒரே வேகத்தில் ஓடும்.

"ஏண்டா தமோட்சு, இதுக்கு சிக்னல் எப்படித் தெரியுது?" என்று கேட்டார் ஓகுனோ, தமோட்சுவின் தாடையில் கத்தி இருக்கும்போது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான்தான் கேட்டுக் கடக்கிறேன் என்று சொன்னால் அது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போகும், மறுநாள் காலையில் பழைய கைகள் எல்லாம் திரும்ப வரும். முழங்கையை நினைத்துக்கொண்டார்.

"பாத்துத்தான்" என்றார். "சிவப்புன்னா நிப்பா, நீலம்னா நடப்பா. உன்னைவிட ஒழுங்கு."

பச்சை விளக்கை நீலம் என்று சொல்வது அந்த ஊர் வழக்கம். அதில் யாருக்கும் எந்தக் கூச்சமும் கிடையாது.

"அடேயப்பா" என்றது பெஞ்ச்.

மறுநாளிலிருந்து கைகள் நின்றன. மாயம் போல இருந்தது தமோட்சுவுக்கு. சாலையோரம் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் தொடவில்லை. தள்ளி நின்று "இப்ப பாரு, இப்ப பாரு, நீலம் வந்ததும் எப்படிப் போகுது பாரு" என்று குசுகுசுத்தார்கள். நீலம் வந்ததும் கம்பத்தின் ஒலிபெருக்கி குயில் மாதிரி கூவும். அதைக் கேட்டு இவர் வாய்க்குள் "கோ" என்பார். போனி நடப்பாள். குயில் கூவுவது கண் தெரியாதவர்களுக்காகத்தான் என்பது ஊருக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. அது ஏதோ அலங்காரத்துக்குக் கூவுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷம் அவருடைய முழங்கை அவருடையதாகவே இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

பேட்டைச் சங்கத் தலைவர் கிஷிதா யோஷினோபு சும்மா இருப்பாரா? ஓய்வுபெற்ற உதவித் தலைமையாசிரியர். நல்லது எதைக் கண்டாலும் அதைச் சுவரொட்டி ஆக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. போனியின் கழுத்தில் நாடா போட்டுப் படம் எடுத்தார். "போனி சான் சிவப்பில் நிற்கிறார். நீங்கள்?" என்று, பெரியவர்களுக்குப் போடும் 'சான்' என்ற மரியாதைச் சொல்லையும் சேர்த்துக் கீழே எழுதி எல்லாக் கம்பத்திலும் ஒட்டினார். தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் போனியைக் கண்டால் வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். "அந்த நாய்க்கு இருக்குற புத்தி உனக்கு இருக்கா?" என்று தாய்மார்கள் சாலையோரத்தில் பிள்ளைகளை அதட்டினார்கள். போனி சுவரொட்டிக் கம்பங்களை மோந்து பார்த்தாள். கடமை நேரத்தில் அது கூடாது என்று தமோட்சு வாரை இழுத்தார்.

வீட்டில் அக்கா ஃபுசாயே இருந்தாள். முட்டி தேய்ந்தவள், நாக்கு தேயாதவள். நோயாளிகளுக்கு முறை சொல்லி உள்ளே அனுப்புவது அவள் வேலை. சங்கத்தின் சுற்றறிக்கை அட்டை வீடு வீடாகச் சுற்றி வந்தால் அதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டுவதும் அவள்தான். குப்பை போடும் நாள், கோயில் விழா, காணாமல் போன பூனை என்று வழக்கமாக வரும். அந்த வசந்தத்தில் வந்தது வேறு.

"'கடற்கரைச் சாலை முனைவாசிகளின் புகாரை முன்னிட்டு, சிக்னலின் குயில் ஒலி நிறுத்தப்படுகிறது'" என்று வாசித்தாள் ஃபுசாயே. "முனைவாசிகளாம். முனையில இருக்குறது பூட்டுன அரிசிக் கடை, தபால் பெட்டி, அப்புறம் கிஷிதா வீடு. அரிசிக் கடையும் தபால் பெட்டியும் புகார் குடுத்திருக்காது."

"மேல படி."

"'இவ்வொலியைப் பயன்படுத்துபவர் ஹிகிதா அவர்கள் ஒருவரே. அவருக்கு போனி சான் இருப்பதால் இடையூறு ஏதுமில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'" அட்டையை மேஜைமேல் போட்டாள். "மகிழ்ச்சியாம். முடி வெட்டப் போன எடத்துல வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா என்னடா கொள்ளை?"

குயில் இல்லாத காலத்திலும் சாலையைக் கடந்தவர்தான் தமோட்சு. வண்டிகள் உறுமுவதையும் அடங்குவதையும் கேட்டுக் கடந்தவர். ஆனால் அப்போது வண்டிகளுக்குச் சத்தம் இருந்தது. இப்போது பாதி வண்டிகள் மின்சாரத்தில் ஓடுகின்றன. மீன் வழுக்கிப் போவது போலப் போகின்றன. சாலைக்கு அந்தப் பக்கம்தான் படுக்கையில் கிடக்கும் அவருடைய பாதி நோயாளிகள் இருக்கிறார்கள். பொதுக் குளியலகம் இருக்கிறது, ஓகுனோ கடை இருக்கிறது. சாலை போனால் ஊர் போயிற்று. மிஞ்சுவது வீடு, அக்கா, அக்காவின் நாக்கு.

குயில் நின்ற வாரத்திலேயே அது நடந்தது. முனையில் நின்று காதைத் தீட்டிக் கேட்டார். சாலை அமைதியாக இருந்தது. "கோ" என்றார். போனி நகரவில்லை. "கோ" என்றார் மறுபடி, கொஞ்சம் கோபமாக. போனி நகராததோடு குறுக்கே திரும்பித் தன் உடம்பை அவர் முட்டியில் வைத்து அழுத்தினாள். அவர் முகத்துக்கு முன்னால் ஒரு காற்று போனது. சத்தமே இல்லை. காற்று மட்டும் போனது, நீட்டியிருந்த விரல்களில் அது பட்டது.

தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாய்க்கு முன்னால் மண்டியிட்டு அழவேண்டும் போல இருந்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று எதிர்ப்பக்கப் பூக்கடையிலிருந்து ஒரு குரல் கூவியது. கடைக்காரி நெமோதோ சிசுகோ. "சிவப்புன்னு தெரிஞ்சு நிக்குது பாருங்க! வைத்தியர் போன்னு சொல்லியும் நிக்குது! இவருக்குத்தான் அவசரம்!"

கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். வண்டியைப் பார்த்து நின்ற நாய்க்கு விளக்கைப் பார்த்து நின்றதாகப் பெயர் கிடைத்தது. அதைப் பொய்யாக்க வேறு என்ன நடக்கவேண்டும்? அவர் செத்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார்கள். அப்போதும் "அன்னைக்கு போனி சானுக்கு உடம்பு சரியில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது தமோட்சுவுக்கு.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். ஃபுசாயே அன்று ஒரு வசவும் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"சங்கக் கூட்டத்துல சொல்லிடுறேன்" என்றார். "நாய்க்குச் சிவப்பு தெரியாது, நான் சொன்னது பொய்னு. அப்பத்தான் குயிலைத் திரும்ப விடுவாங்க."

"சொன்னா கை வருமே."

"வரட்டும். கை கழண்டா போயிடும்?"

சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பகலில், பாய் விரித்த கூடத்தில். தமோட்சு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனியோடு போனார். ஃபுசாயே முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். குப்பை வலை விஷயம் முடிந்ததும் எழுந்து நின்றார்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும். எங்க போனிக்கு சிக்னல் தெரியாது. சிவப்பும் தெரியாது, நீங்க நீலம்னு சொல்ற பச்சையும் தெரியாது. அது ஒரு சாதாரண நாய்."

நாலா பக்கமிருந்தும் ஒரே குரலாக வந்தது. "ஐயையோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க!"

இங்கேதான் தமோட்சு தன் ஊரைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறந்திருந்தார். ஹமாசோனோவில் தன் வீட்டைச் சேர்ந்த எதையும் நாலு பேர் முன்னால் மட்டமாகப் பேசுவதுதான் மரியாதை. மகன் மருத்துவனாக இருந்தால் "எங்க வீட்டு மக்கு" என்பார்கள். மனைவி அருமையாகச் சமைத்து வைத்ததை "வாயில வைக்க வெளங்காது, மன்னிக்கணும்" என்று நீட்டுவார்கள். கேட்பவர் பதறிப்போய் மறுக்கவேண்டும். இவர் இன்னும் தாழ்த்தவேண்டும், அவர் இன்னும் பதறவேண்டும். தமோட்சுவும் பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்து வந்தார். இன்று முதல் முறையாக நிஜமாகவே ஒன்றைத் தாழ்த்திப் பேசினார். ஊர் வழக்கப்படி பதறியது.

"அடக்கத்துக்காகச் சொல்லலைங்க. நிஜமாவே தெரியாது."

"பாருங்க, எவ்வளவு பணிவு" என்று உருகினாள் பூக்கடை சிசுகோ. "நாங்க கண்ணால பாத்தோமே வைத்தியரே!"

"நீங்க பாத்தது வண்டி! அது வண்டியைப் பாத்து நின்னுச்சு! நான் பொய் சொன்னேன். மூணு வருஷமா பொய். ஓகுனோ, எந்திரிச்சு சொல்லுடா, உன் கடையிலதானே அளந்தேன்!"

ஓகுனோ எழுந்தார். "நம்ம தமோட்சு சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்" என்றார், குரல் தழுதழுக்க. "நல்ல பேரு வந்தா தாங்கமாட்டான்."

தமோட்சு நண்பனைக் கொல்ல விரும்பினார். ஃபுசாயே பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கிஷிதா தொண்டையைச் செருமினார். உதவித் தலைமையாசிரியர் செருமினால் பரீட்சை வரப்போகிறது என்று அர்த்தம். "ஹிகிதா சான் இவ்வளவு சொல்லும்போது, சங்கம் என்ற முறையில் நாம் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் முறை" என்றார். கூட்டத்தில் பேசும்போது அவர் எப்போதும் எழுத்தில் இருப்பதைப் போலத்தான் பேசுவார். உட்காரும் மெத்தைகளில் சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றும் கொண்டுவரச் சொன்னார். பிறந்ததிலிருந்து பச்சையை நீலம் என்று சொல்லிப் பழகிய ஊர் ஒரு நாய்க்கு நிறப் பரீட்சை வைத்தது. அதில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கிஷிதா சிவப்பு மெத்தையை மார்பில் பிடித்துக்கொண்டு போனிக்கு நேர் எதிரில் கூடத்தின் நடுவே நின்றார். "இப்போது உத்தரவு கொடுங்கள்."

"கோ" என்றார் தமோட்சு. போனி இரண்டடி வைத்து நின்றாள். எதிரே ஒரு ஆள் கம்பம் மாதிரி நின்றால் நிற்கத்தான் அவளுக்குப் பயிற்சி.

"ஆ!" என்றது கூடம்.

கிஷிதா சிவப்பு மெத்தையை வைத்துவிட்டுப் பச்சையை எடுத்துக்கொண்டார். எடுப்பதற்காக ஓரமாக நகர்ந்தவர் ஓரத்திலேயே நின்றுகொண்டு அதை உயர்த்திக் காட்டினார். "இப்போது."

"கோ." போனி வழி திறந்திருந்த கூடத்தைக் கம்பீரமாகக் கடந்து சுவரருகே நின்றாள்.

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

"நீங்க குறுக்க நின்னீங்க தலைவரே! அப்புறம் நகந்துட்டீங்க! நீங்க என்ன மெத்தையை வச்சிருந்தீங்கன்னு அதுக்கு என்ன தெரியும்? அரிசி மூட்டையை வச்சிருந்தாலும் நின்னிருக்கும்!"

"ஹிகிதா சான்" என்றார் கிஷிதா, மனமுருகி. "பணிவுக்கும் ஓர் எல்லை உண்டு. போனி சானின் மனம் புண்படும்." போனிக்குக் கௌரவப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆலோசகர் பட்டம் அன்றைக்கே தீர்மானமாயிற்று. குயில் விஷயம் தானாகவே விழுந்துபோயிற்று.

திரும்பி வரும் வழியெல்லாம் தமோட்சு கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை பெரிதாகப் பொய் சொன்னார், ஊர் உடனே நம்பிற்று. ஒரே ஒரு முறை ஊர் முன்னால் உண்மையைச் சொன்னார், அதற்குப் பட்டம் கொடுத்தார்கள். அதுவும் நாய்க்கு. வீடு வந்ததும் போனியின் சேணத்தைக் கழற்றிவிட்டு, தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் பெருமூச்சு விட்டுத் தலையை அவர் தொடைமேல் போட்டாள்.

"என்னடா பண்ணப்போற?" என்றாள் ஃபுசாயே.

"தெரியலை."

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ பொறந்ததுலேருந்து யாரையும் ஒண்ணும் கேட்டதில்லை. கண்ணு போனப்பகூட 'எங்க இருக்கு'ன்னு கேக்கமாட்டே. தடவித் தடவி முட்டிக்குவே. கேட்டாத்தான் என்ன? என்ன நெறம்னு கேளு. அதுக்கு வாய் போதும்ல, கை எதுக்கு?"

தமோட்சு நெடுநேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்பது என்பது அவருக்குத் தோலை உரிப்பது போல. ஆனால் விரலில் பட்ட அந்தக் காற்று இன்னும் விரலிலேயே இருந்தது.

மறுநாள் விடிந்த கையோடு கிளம்பினார். தெருவில் யாருமில்லை. முனையில் நின்று, நோயாளிகளைத் திட்டித் திட்டி உரம்பெற்ற குரலில், எதிரே இருந்த உலகத்தைப் பார்த்துக் கத்தினார்.

"என்ன நெறம்?"

பதில் இல்லை. முகம் காந்தியது. அப்படியே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.

"யாராவது இருக்கீங்களா? சிவப்பா, நீலமா?"

மாடியில் ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது. "யாரது? ஹிகிதா சானா?" கிஷிதாவின் குரல். படுக்கையிலிருந்து எழுந்து வந்ததால் அதில் எழுத்து நடையே இல்லை. "என்னங்க இது, காலங்காத்தால!"

"நெறம் சொல்லுங்க தலைவரே."

"போனி சான் பக்கத்துலதானே இருக்கு?"

"இருக்கா. சொல்லமாட்டேங்குறா. அவளுக்கு இங்கிலீஷ்தான் தெரியும்."

மாடியிலிருந்து தயங்கித் தயங்கி, "சிவப்பு" என்று வந்தது. சற்றுப் பொறுத்து, "இப்ப நீலம். நீலம்! போங்க!"

"ரொம்ப நன்றி தலைவரே!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுக் கடந்தார் தமோட்சு. திரும்பும்போதும் அதே போலக் கேட்டார். மத்தியானம் கிஷிதா வீட்டார் கண்ணயரும் நேரத்தில் படுக்கை நோயாளியைப் பார்க்கப் போனார். சாயங்காலம் குளியலகம். கடையில் யாராவது இருந்தால் கடைக்காரர்கள் பதில் சொன்னார்கள். சிலர் ஓடி வந்தார்கள். கை முழங்கையில் படும் முன்பே "கை வேண்டாம், நெறம் போதும்" என்றார். ஆச்சரியம் என்னவென்றால், சொன்னதும் விட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் கத்தியதற்குப் பதில் இதைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியபோது அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

யாரும் இல்லாத நேரங்களில் முறை கிஷிதாவுடையது. முதல் வாரம் படுக்கை உடையில் கத்தினார். இரண்டாம் வாரம் தொண்டை கட்டியது. மூன்றாம் வாரம் கிஷிதாவின் மனைவி ஜன்னலுக்கு வந்து, குயிலைவிட மூன்று மடங்கு சத்தமாக "நீலம்!" என்று அலறிவிட்டு, உள்ளே திரும்பிக் கணவரிடம் இன்னும் சத்தமாக வேறு சிலவற்றைச் சொன்னாள். அவையும் தெருவுக்குக் கேட்டன. குயில் போனதிலிருந்து முனையில் தூங்க முடியவில்லை என்று பூக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் ஊருக்கு ஒரு குழப்பம். போனி பக்கத்தில் இருக்கும்போது வைத்தியர் ஏன் மனிதர்களைக் கேட்கிறார்? நாய்க்கு நிறம் தெரியாது என்பதாக இருக்க முடியாது. அது பரீட்சை வைத்து முடிவான விஷயம். அப்படியானால் ஒரே ஒரு விளக்கம்தான் மிச்சம். ஊர் அதை வெகு சீக்கிரம் கண்டுபிடித்தது.

மழைக்காலத் தொடக்கத்தில் சுற்றறிக்கை அட்டை வந்தது. ஃபுசாயே வாசித்தாள். "'அனைவரும் அறிந்தபடி, போனி சானுக்கு வயது ஏறி வருகிறது. நெடுநாள் சேவையால் அவருடைய கண்கள் களைப்படைந்துள்ளன. இதைத் தம் பணிவால் நேரடியாகச் சொல்ல இயலாமல் ஹிகிதா அவர்கள் பட்ட சிரமத்தை நாம் உணரத் தவறினோம். போனி சானின் கண்களுக்கு ஓய்வளிக்கும் பொருட்டு, குயில் ஒலியை மீண்டும் தொடங்கும்படி சங்கம் ஏகமனதாகக் கேட்டுக்கொண்டுள்ளது.'"

தமோட்சு துள்ளி எழுந்தார். "கண்ணு களைச்சுப் போச்சா? யாருக்கு? இப்பவே போய் அந்த ஆளை..."

"உக்காரு" என்றாள் ஃபுசாயே. "குயில் வேணுமா, ஞாயம் வேணுமா? ரெண்டும் இந்த ஊர்ல ஒண்ணாக் கெடைக்காது."

அவர் நின்றுகொண்டே இருந்தார். போனி எழுந்து, எங்கோ போகப்போகிறோம் என்று நினைத்து, சேணம் தொங்கும் ஆணியின் கீழே போய் நின்றாள். தமோட்சு உட்கார்ந்துவிட்டார்.

குயில் திரும்பி வந்த அன்று முனைக்குப் போனார். வழக்கமான இடத்தில் நின்றார். யாரும் தொடவில்லை. காலடிச் சத்தம் ஒன்று வேகமாக வந்து அவருக்கு முன்னால் நின்றது. பூ வாசனை அடித்தது. சிசுகோ குத்துக்காலிட்டு உட்காருவது கேட்டது. ஆனால் அவள் குரல் கீழே, நாயின் மூக்குக்கு நேராக இருந்தது.

"கண்ணு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவு கனிவாக, அவ்வளவு கவலையாக ஒரு குரலை அவர் அந்த முனையில் கேட்டதே இல்லை. "ரொம்ப வலிக்குதா செல்லம்? ராத்திரியெல்லாம் நான் உன்னையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

தமோட்சுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியிலேயே அது நின்றுபோயிற்று. ஏழு வயதில் கண் போனதிலிருந்து இந்த ஊரில்தான் நடமாடுகிறார். ஆயிரம் கைகள் அவரைப் பிடித்து இழுத்திருக்கின்றன. இந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

"பரவாயில்லைன்னு சொல்றா" என்றார்.

குயில் கூவியது. "கோ" என்றார் தமோட்சு. போனி நடந்தாள்.